மெழுகு மூடியைத் தாண்டாத மருந்து

கேள்வி: என்னிடம் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் 4, இந்தியத் தேனீப் பெட்டி 1 இருக்கின்றன. இத்தாலியப் பெட்டிகளின் வாசலில் சிறகு சுருங்கிய தேனீக்கள் ஊர்வதைப் பார்த்து, வரோவா உண்ணிதான் காரணம் என்று தெரிந்துகொண்டேன். 35 கிராம் ஆக்சாலிக் அமிலத்தை 1 லிட்டர் சர்க்கரைப் பாகில் கரைத்து, பெட்டிக்கு 50 மில்லி வீதம், வாரம் ஒருமுறை என மூன்று தடவை ஊற்றினேன். முதல் தடவை அடிப்பலகையில் நிறைய உண்ணிகள் விழுந்து கிடந்தன. ஆனால் ஒரு மாதத்தில் மறுபடியும் அதே சுருங்கிய சிறகு. இரண்டு பெட்டிகள் மெலிந்துவிட்டன. இப்போது தேனீக்களின் முதுகில் ஓர் உண்ணிகூடத் தெரியவில்லை. அமிலத்தின் அளவைக் கூட்டலாமா? ஆவியாக்கிச் செலுத்தும் முறைக்கு மாறலாமா? இரும்புக் குழாயும் கேஸ் பர்னரும் வைத்து நானே கருவி செய்துகொள்ள முடியும். தேனில் அமிலம் தங்குமா? இந்தியத் தேனீக்கும் ஊற்ற வேண்டுமா? என் பெட்டிகளில் ராணி ஆண்டு முழுக்க முட்டை இடுகிறது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அமிலத்தைக் கூட்டாதீர்கள். இப்போதிருக்கும் நிலையில் நான்காவது தடவையும் ஊற்றாதீர்கள். இந்தப் பதில் வருவதற்குள் ஊற்றிவிடுவீர்களோ என்ற கவலையில்தான் இதை முதல் வரியாக எழுதுகிறேன்.

உங்கள் மருந்து சரியான மருந்து. 35 கிராம் என்ற அளவும் சரி. முதல் தடவை உண்ணிகள் விழுந்ததே அது வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. தப்பு நடந்தது நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில். ஆக்சாலிக் அமிலம் தேனீயின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணியை மட்டுமே கொல்லும். புழு வளரும் சிற்றறையைத்தான் கண்ணறை என்கிறோம்; மெழுகு மூடி போட்ட கண்ணறைக்குள் அது போகாது. உங்கள் உண்ணிகளில் பெரும்பங்கு அப்போது மூடிக்கு அடியில்தான் இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். தாய் உண்ணி பழுப்புச் சிவப்பு நிறம். குறுக்கே ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், நீளம் அதைவிடக் குறைவு. சின்ன நண்டின் ஓடு போல இருக்கும். வளர்ந்த புழு இருக்கும் கண்ணறையை வேலைக்காரத் தேனீக்கள் மூடப் போகும் சமயம் பார்த்து, அது உள்ளே நழுவிப் புழுவுக்கான உணவுக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். மூடி போட்ட பிறகு இரண்டரை, மூன்று நாளில் முதல் முட்டை. அது ஆண். அதன்பின் ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். அண்ணனும் தங்கைகளும் அந்த இருட்டுக்குள்ளேயே இணைகின்றன. வேலைக்காரத் தேனீ மூடிக்குள் இருப்பது 12 நாள், ஆண் தேனீ 14 அல்லது 15 நாள். அந்தக் கூடுதல் நாட்களுக்காகவே உண்ணிக்கு ஆண் தேனீக் கண்ணறைகள் மேல் அவ்வளவு ஆசை. இளம் தேனீ மூடியைக் கடித்து வெளியே வரும்போது தாய் உண்ணியும், முதிர்ந்துவிட்ட மகள்களும் அதன்மேல் தொற்றிக்கொண்டு வெளியே வருகின்றன. ஆண் உண்ணி உள்ளேயே சாகும். மருந்தைச் சந்திக்காமலே ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்டியில் 1000 உண்ணி இருக்கிறது, அதில் 800 மூடிக்குள் என்று வையுங்கள். புழு நிறைந்த பெட்டியில் இது மிகைப்படுத்திய கணக்கு இல்லை. வெளியே இருக்கும் 200-இல் 90 சதவீதம் செத்தால் 180. அடிப்பலகையில் 180 உண்ணி கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் இன்னும் 820 இருக்கிறது. அடுத்த வாரம் மூடி திறந்து கொஞ்சம் வெளியே வரும். அதில் பாதி நீங்கள் அடுத்து ஊற்றும் முன்பே வேறு கண்ணறைக்குள் போயிருக்கும். நீங்கள் துரத்திக்கொண்டே இருப்பீர்கள், அது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கும்.

இந்த நேரத்தில் தேனீக்கள் இன்னொரு விதத்திலும் அடி வாங்கியிருக்கின்றன. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது "பெட்டிக்கு 50 மில்லி" என்ற வரிதான். 50 மில்லி என்பது ஒரு முழுப் பெட்டிக்கான உச்ச வரம்பு. உண்மையான அளவு, தேனீக்கள் நிறைந்திருக்கும் ஓர் இடைவெளிக்கு 5 மில்லி. அடை கட்டிய இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே தேனீக்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சந்தினைத்தான் இடைவெளி என்கிறேன். மெலிந்த பெட்டியில் அப்படி 3 இடைவெளிதான் தேறும் என்றால் அதற்கு 15 மில்லி போதும். 50 ஊற்றினால் ஒவ்வொரு தேனீயும் மூன்று மடங்குக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. பாகில் கலந்த அமிலத்தைத் தேனீக்கள் நக்கி உள்ளே இழுக்கவும் செய்யும். திறந்த கண்ணறைகளில் இருக்கும் இளம் புழுக்களையும் அது பாதிக்கும். அதனால்தான் பாகு ஊற்றும் முறையை ஒரே தேனீக்கள்மீது திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது என்கிறோம். உங்கள் இரண்டு பெட்டிகளும் மெலிந்ததில் உண்ணிக்கு எவ்வளவு பங்கோ, மூன்று முறை ஊற்றியதற்கும் ஒரு பங்கு உண்டு. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்தால் அடுத்த முறையும் இதே நடக்கும்.

முதுகில் உண்ணி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம். தேனீயின் மேலிருக்கும் உண்ணி பெரும்பாலும் முதுகில் உட்காருவதில்லை. வயிற்றின் அடிப்பக்கத்தில், ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகடுகளுக்கு இடையில் தலையை நுழைத்துக்கொண்டு இருக்கும். அங்கிருந்து தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்கிறது என்பது 2019-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. அதுவரை தேனீயின் ரத்தத்தைத்தான் குடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். முதுகிலேயே உண்ணி தெரிய ஆரம்பித்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. புழு இருக்கும் ஒரு சட்டத்தை எடுங்கள். அதில் ராணி இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். ராணி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு இந்தச் சட்டத்தைத் தொடுவது இன்னும் நல்லது. தேனீக்களை ஒரு தட்டில் உதறி, அரை கப், அதாவது 120 மில்லி அளவு அள்ளினால் ஏறக்குறைய 300 தேனீ. வாயில் வலை கட்டிய ஜாடியில் போட்டு, மாவு போலப் பொடித்த சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். ஒரு நிமிடம் மெதுவாக உருட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். தேனீக்கள் சூடாகிப் படபடக்கும், உண்ணியின் பிடி தளரும். பிறகு ஜாடியைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் தட்டின்மேல் நன்றாகக் குலுக்குங்கள். கொட்டிய சர்க்கரைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்துவிடும். பழுப்புச் சிவப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். சில கால்களை அசைத்துக்கொண்டும் இருக்கும். எண்ணி மூன்றால் வகுத்தால் 100 தேனீக்கு எத்தனை என்று வந்துவிடும். வெண்மையாகிப் போன தேனீக்களைப் பெட்டிக்குள்ளேயே கொட்டிவிடலாம், மற்றவை நக்கிச் சுத்தம் செய்துவிடும். சாராயத்தில் அலசி எண்ணுவது இதைவிடத் துல்லியம், ஆனால் அந்த 300 தேனீயும் போய்விடும். 3 சட்டத்துக்கு வந்துவிட்ட பெட்டியில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. சர்க்கரை போதும்.

100 தேனீக்கு 1 என்றால் காத்திருக்கலாம். 2 அல்லது 3 வந்துவிட்டால் வைத்தியம் தேவை. சிறகு சுருங்கிய தேனீக்கள் ஊர்வதைப் பார்த்தால் உங்கள் பெட்டிகளில் அதைவிடக் கூடவே இருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையை எழுதி வையுங்கள். மருந்துக்கு முன்னால் ஓர் எண் இல்லாவிட்டால், பின்னால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். கடும் குளிர் உள்ள நாடுகளில் குளிர்காலம் வந்தால் ராணி தானாகவே முட்டையிடுவதை நிறுத்தும். மூடிய கண்ணறையே இல்லாத அந்த வாரங்களில் ஒரே ஒரு தடவை ஆக்சாலிக் அமிலம் போட்டால் 90 சதவீதத்துக்கு மேல் உண்ணி விழுகிறது. இந்த மருந்துக்கு இருக்கும் பெரிய பெயரெல்லாம் அந்த வாரங்களில் சம்பாதித்தது. உங்கள் ராணி நிறுத்துவதில்லை. எனவே அந்த இடைவெளியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

நான் உங்களுக்குச் சொல்லும் வழி, ராணியைக் கூண்டில் அடைப்பது. வேலைக்காரத் தேனீக்கள் கம்பிக்குள் நுழைந்து ராணிக்கு ஊட்டிவிட்டு வரும்படியான, ஆனால் ராணி வெளியே வர முடியாத கூண்டு. தீப்பெட்டி அளவுக் கூண்டு ஓரிரு நாளுக்குத்தான் சரிவரும். இது மூன்று வாரத்துக்கும் மேல் என்பதால் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். புழுக்கள் உள்ள பகுதியின் நடுவில், சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஓரத்தில் வைத்தால் தேனீக்கள் கவனிக்காமல் விட்டுவிடும். அடைத்த நாளை முதல் நாள் என்று கொள்ளாமல் 0 என்று எழுதுங்கள். அன்று இட்ட வேலைக்காரத் தேனீ முட்டை 21-ஆம் நாள் தேனீயாக வெளியே வரும், ஆண் தேனீ முட்டை 24-ஆம் நாள். 24-ஆம் நாள் மாலை பெட்டியைத் திறந்தால் ஒரு மூடிய கண்ணறைகூட இருக்கக் கூடாது. எல்லா உண்ணியும் தேனீக்களின் மேல்தான் இருக்கும், ஒளிய இடமே இருக்காது. அன்றைக்கே ராணியைத் திறந்துவிட்டு, அன்றைக்கே மருந்தைப் போடுங்கள். ஒரே தடவை.

அடைத்த பிறகு ஒரு வாரத்தில் எல்லாச் சட்டங்களையும் பார்த்து, ராணி இல்லை என்று நினைத்துத் தேனீக்கள் புதிய ராணி அறை எதுவும் கட்டியிருந்தால் அகற்றுங்கள். இதை மறந்தால் 24-ஆம் நாள் உங்களிடம் இரண்டு ராணி இருக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் முட்டை இல்லை என்றால், பின்னால் அதே அளவு காலத்துக்குப் புதிய தேனீக்கள் பிறக்காது. பூ வரத்து உச்சத்துக்கு முன்னால் இதைச் செய்தால் அறுவடை அடிபடும். வரத்து முடியப்போகும் சமயத்தில் அடைத்தால் இழப்பு குறைவு. மெலிந்த பெட்டிகளுக்கு இந்த 24 நாள் தாங்குமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம். அவற்றில் இருக்கும் புழுச் சட்டங்களை எல்லாம், ராணி அதில் ஒட்டிக்கொண்டு போய்விடாமல் பார்த்து, தேனீக்களை உதறிவிட்டு எடுத்து, பலமான ஒரு பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். மெலிந்த பெட்டியில் அந்த நிமிடமே மூடிய கண்ணறை இல்லை. அன்று மாலையே மருந்து போடலாம், ராணியை அடைக்கவே வேண்டாம். அந்தத் தேனீக்கள் நாளைக்கே புதிதாக ஆரம்பிக்கலாம். உண்ணி நிறைந்த அந்தச் சட்டங்களை வாங்கிக்கொண்ட பலமான பெட்டியில்தான் ராணியை அடைக்கிறோம், அதன் கணக்கு 24-ஆம் நாள் தீர்ந்துவிடும். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். மெலிந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது பற்றி மருந்துக்குப் பிறகு யோசியுங்கள், முன்னால் வேண்டாம்.

பெட்டியைப் பிரித்துக் கூட்டத்தைப் பெருக்கும் எண்ணம் இருந்தால் அதுவும் ஒரு வாய்ப்பு. ராணி இல்லாத பாதி தானே ராணி வளர்க்கும். பழைய புழுக்கள் எல்லாம் 24-ஆம் நாளுக்குள் வெளியே வந்துவிடும். புதிய ராணி இட்ட முட்டைகள் மூடப்படும் நிலைக்கு வருவது பெரும்பாலும் 28-ஆம் நாளுக்குப் பிறகு. நடுவில் கிடைக்கும் அந்த நான்கைந்து நாள்தான் மருந்துக்கான நாள். அப்போதுகூடச் சட்டங்களை எடுத்து, மூடி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

கரைசல் தயாரிப்பதில் ஒரு சிக்கல். 1 கிலோ சர்க்கரையை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 லிட்டர் பாகு வராது, 1.6 லிட்டர் வரும். அதில் 35 கிராம் போட்டால் மருந்து நீர்த்துவிடும். 1 லிட்டர் பாகுக்குச் சுமார் 600 கிராம் சர்க்கரையும் 600 மில்லி தண்ணீரும் போதும். 4 பெட்டிக்கு அவ்வளவும் தேவையில்லை: 180 கிராம் சர்க்கரை, 180 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 10.5 கிராம் அமிலம். ஏறக்குறைய 300 மில்லி கிடைக்கும், அதிலேயே மிஞ்சும். அமிலத்தைச் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு வேண்டும். இன்னொன்று, 35 கிராம் என்பது படிகநீரோடு இருக்கும் டைஹைட்ரேட் வகைக்கான எடை. நீர் நீக்கிய வகை என்று சீட்டில் போட்டிருந்தால் அதே 35 கிராம் ஏறக்குறைய 49 கிராமுக்குச் சமம். தேனீக்களுக்கென்று பதிவு செய்து விற்கும் மருந்தையே வாங்குங்கள். மரச் சாமான் வெளுக்க விற்கும் பொடியின் தூய்மைக்கு யாரும் பொறுப்பில்லை. பதிவு பெற்ற மருந்தின் சீட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால், நான் இங்கே எழுதியதை விட்டுவிட்டுச் சீட்டைப் பின்பற்றுங்கள். சில தயாரிப்புகளில் வேறு பொருளும் கலந்திருக்கும்.

மிஞ்சியதை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். நான் ஆரம்ப காலத்தில் அரைப் புட்டி கரைசலை மூடி, கொட்டகை அலமாரியில் வைத்துவிட்டேன். சில மாதம் கழித்து எடுத்தபோது தெளிவாக இருந்த பாகு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. வீணாக்குவானேன் என்று இரண்டு பெட்டிக்கு ஊற்றினேன். மறுநாள் காலை இரண்டு வாசலிலும் கைப்பிடி கைப்பிடியாகத் தேனீக்கள், நாக்கு வெளியே நீண்டபடி கிடந்தன. அமிலமும் சூடும் சேர்ந்தால் சர்க்கரை சிதைந்து எச்எம்எஃப் என்னும் பொருள் உண்டாகிறது, அது தேனீக்கு நஞ்சு. அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து தேவைக்கு மட்டும், அன்றன்றைக்கே கலக்கிறேன். மிஞ்சியதில் சமையல் சோடாவை நுரை அடங்கும்வரை போட்டு, நிறையத் தண்ணீர் சேர்த்துக் கொட்டிவிடுகிறேன்.

ஊற்றும்போது அமிலம் தாங்கும் கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். உலோகப் பாத்திரம் வேண்டாம், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். மாலையில், வெளியே போன தேனீக்கள் திரும்பிய பிறகு. வெதுவெதுப்பான கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, இடைவெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் போல விட்டுக்கொண்டே போங்கள். சட்டத்தின் மேல்கட்டையில் விழுவது வீண். தேனீயின்மேல் விழ வேண்டும். அவை ஒன்றோடொன்று உரசி மீதியைத் தாங்களே பரப்பிக்கொள்ளும். நான்கு பெட்டியிலும் இது முடியும்வரை ஒன்றிலிருந்து ஒன்று தேன் திருடாமல் வாசலைச் சுருக்கி வையுங்கள். திருடப் போகும் தேனீ உண்ணியையும் வீட்டுக்குக் கொண்டுவரும்.

ஆவியாக்கும் முறை பற்றிக் கேட்டீர்கள். அது நல்ல முறைதான். தேனீக்கள் அமிலத்தை விழுங்குவதில்லை, திறந்த புழுக்களுக்கும் பாதிப்பு குறைவு. ஆனால் மூடியை அதுவும் தாண்டாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், புழு இருக்கும் பெட்டிகளில் 1 கிராம் வீதம் 5 நாளுக்கு ஒருமுறை, 7 தடவை ஆவி செலுத்திப் பார்த்தார்கள். உண்ணி கட்டுக்குள் வரவில்லை. இன்னும் கூடிய அளவு கொடுத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள், சில நாடுகளில் சீட்டே அதை அனுமதிக்கிறது. என்றாலும் 4 பெட்டி வைத்திருக்கும் ஒருவர் ராணியை 24 நாள் அடைத்து ஒரே முறையில் முடிப்பதை விட்டுவிட்டு, ஒரு மாதம் முழுக்க முகக் கவசம் போட்டுக்கொண்டு அலைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரும்புக் குழாயும் கேஸ் பர்னரும் வேண்டவே வேண்டாம். இந்த அமிலம் 157 டிகிரி செல்சியஸ் அளவில் ஆவியாகும். 190 டிகிரியை நெருங்கும்போது சிதைந்து, ஃபார்மிக் அமிலமாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 30 டிகிரி சொச்சம். பர்னர் நெருப்பை அந்தச் சந்துக்குள் நிறுத்த யாராலும் முடியாது. உங்கள் குழாய்க்குள் இருப்பது மருந்தா, சிதைந்த வாயுவா என்று தெரியாமலே பெட்டிக்குள் ஊதுவீர்கள். பக்கத்தில் மெழுகும் மரமும் வேறு. வாங்கினால் வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவியை வாங்குங்கள். அமில ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய, முகத்தோடு ஒட்டி அமரும் சுவாசக் கவசம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தூசிக்குக் கட்டும் துணி முகமூடி இந்த ஆவிக்கு ஒன்றுமே இல்லை. ஒருமுறை காற்று திசை மாறி ஒரே ஒரு மூச்சு உள்ளே போனதற்கு எனக்கு இரவு முழுக்க இருமல் நிற்கவில்லை. நுரையீரலில் படிவது நுண்ணிய அமிலப் படிகம். அது விளையாட்டு இல்லை.

தேன் விஷயம். ஆக்சாலிக் அமிலம் தேனிலேயே இயற்கையாகச் சிறிது உண்டு. அது தண்ணீரில் கரையும், மெழுகில் சேர்ந்து தங்காது. ஃப்ளுவாலினேட், கூமாஃபாஸ் போன்ற மருந்துகள் ஆண்டுக்கணக்கில் மெழுகில் ஊறிக் கிடப்பது போன்ற தொல்லை இதில் இல்லை. அவற்றுக்கு உண்ணிகள் பழகிப்போனது போல இதற்குப் பழகியதாகவும் இதுவரை காணவில்லை. அமெரிக்காவில் 2015-இல் தேனீக்களுக்கு இது பதிவானது, 2021-இல் தேன் அறை (அறுவடைக்கான தேன் சேரும் மேல்பெட்டி) மேலே இருக்கும்போதே பயன்படுத்தவும் அனுமதித்தார்கள். வேறு பல இடங்களில் அந்த அனுமதி இல்லை. பாகு ஊற்றும்போது தேன் அறையை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் சொல். நீங்கள் ஊற்றுவது சர்க்கரைப் பாகு; தேனீக்கள் அதை மேலே கொண்டுபோய் வைத்தால் அது தேன் ஆகாது.

மருந்து போட்ட பிறகு அடிப்பலகையில் எண்ணெய் தடவிய வெள்ளை அட்டையை வையுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் விழுந்த உண்ணியை எறும்பு தூக்கிப் போய்விடும், நீங்கள் குறைத்து எண்ணுவீர்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி சர்க்கரைச் சோதனை. சுருங்கிய சிறகு மட்டும் உடனே மறையாது. அது உண்ணி பரப்பிய வைரஸின் வேலை. உண்ணி போனாலும் ஓரிரு தலைமுறைத் தேனீக்களில் அது தொடரும். அதைப் பார்த்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி ஊற்றப் போகாதீர்கள். முடிவு சொல்ல வேண்டியது தட்டில் எண்ணிய எண்தான்.

ஆசியக் கண்டத்தில் இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிரோபிலேலாப்ஸ் என்று இன்னோர் உண்ணி உண்டு. வரோவா போல அகலமாக இராது. ஒல்லியாக, அடையின்மேல் விறுவிறு என்று ஓடும். வளர்ந்த தேனீயைத் தின்று அதனால் வாழ முடியாது, புழு இல்லாவிட்டால் சில நாளில் செத்துவிடும். ராணியை அடைப்பதால் உண்டாகும் புழு இல்லாத இடைவெளியில் அதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது இந்த முறையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம்.

கடைசியாக உங்கள் இந்தியத் தேனீப் பெட்டி. அதற்கு எதுவும் ஊற்றாதீர்கள். வரோவாவின் பூர்விக வீடே அந்த இனம்தான். இத்தாலியத் தேனீக்கு அது பிறகு தாவியது. பழைய வீட்டில் அது பெரும்பாலும் ஆண் தேனீக் கண்ணறைகளில் மட்டுமே பெருகும், தேனீக்களும் உண்ணியைக் கண்டுபிடித்துக் கடித்து அகற்றும். இருவரும் ஒருவரை ஒருவர் நெடுங்காலமாக அறிவார்கள். அந்தப் பெட்டியில் புழுக்கள் நீர் நிறைந்த பை போல வீங்கிச் செத்துக் கிடந்தால் அது சாக்புரூட் என்னும் வைரஸ் நோய், ஆக்சாலிக் அமிலம் அதற்கு மருந்தே இல்லை.

இந்த வாரம் நான்கு இத்தாலியப் பெட்டியிலும் சர்க்கரைச் சோதனை செய்து, பெட்டிவாரியாக எண்ணிக்கையையும், தேனீ நிறைந்த இடைவெளிகள் எத்தனை என்பதையும் எழுதி அனுப்புங்கள். மெலிந்த இரண்டில் எதன் ராணி இன்னும் ஒழுங்காக முட்டை இடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தச் சட்டத்தை எந்தப் பெட்டிக்கு மாற்றுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.